துண்டுச் சீட்டு

"ஒத்துக்கிட்டா இன்னைக்கே விட்ருவாங்களாம்மா?"
அரசரடி ஜெயிலில், வலைக்கு அந்தப் பக்கமிருந்து
ஒச்சப்பன் கேட்டான்.

ஆமாம் என்பதுதான் உண்மை.
அறுபத்தோரு நாள் இருந்துவிட்டான்.
செஞ்சது நான்தான் ஐயா,
மூன்றே சொல்.
இருந்த நாளையே தண்டனையாக எழுதி
பொழுது சாய்வதற்குள் கேட்டைத் திறந்துவிடுவார்கள்.
செய்யவில்லை என்றால் வாய்தா.
அப்புறம் இன்னொரு வாய்தா.

ஜாமீன் அவனுக்கு எப்போதோ கிடைத்துவிட்டது.
இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்.
இரண்டு பேருக்கும் சொந்த வீடு வேண்டும்.
வீட்டுக்கு வரி கட்டிய ரசீது வேண்டும்.
யானைக்கல் வாழைக்காய் மண்டி வாசலில்
சருகை விரித்துப் படுக்கிறவனுக்கு
ரசீது வைத்திருக்கும் சிநேகிதன் ஏது?

போன வருஷம் வரை நானும் பேனல் வக்கீல்தான்.
பேர் கூப்பிட்ட பிறகே கட்டு கைக்கு வரும்.
தகப்பன் பேரைப் படிப்பதற்குள்
நீதிபதி நிமிர்ந்து பார்த்துவிடுவார்.
கேஸுக்கு அவர்கள் தந்த காசு, அதுவும் வந்தால்,
மேலூர் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் சரி.
அதனால் நானும் சொல்லியிருக்கிறேன்:
ஒத்துக்கப்பா, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.
எத்தனை பேரிடம் சொன்னேன், எண்ணி வைக்கவில்லை.
சமயநல்லூர்ப் பையன் ஒருவன் மட்டும் நினைவில் நிற்கிறான்.
இப்போது அங்கே எந்த ஆடு தொலைந்தாலும்
முதலில் அவனைத்தான் கூட்டிப்போகிறார்கள்.

இந்த வருஷம் சம்பளம்.
பழைய ரெக்கார்டு ரூமில் ஒரு மேஜை,
நான்கு பேர், மூன்று நாற்காலி.
வெளிக் கேஸ் எடுக்க மாட்டேன் என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.
"புடிக்கிறதும் சர்க்கார், விடச் சொல்றதும் சர்க்காரா?
அடிக்கிற கைதான் அணைக்கும்கிறது இதானா?"
குமாஸ்தா ஜபருல்லா சிரித்தார்.
அணைக்க வேண்டாம் அண்ணே,
ஒரு கேள்வி கேட்டால் போதும் என்றேன்.

சின்னக் கேள்விதான்.
அன்றைக்கு ராத்திரி நீ எங்கே இருந்தாய்?

"லோடு இறக்குனேம்மா."

டவுன்ஹால் ரோட்டு மோட்டார் கடையில்
நாலரைக் கிலோ செம்புக் கம்பி.
இரவு ஒன்றரை மணி.
காமிராவில் தலையில் துண்டு கட்டிய ஓர் ஆள்.
யானைக்கல்லில் துண்டு கட்டாத தலை
முதலாளியுடையது மட்டும்.

கோர்ட்டிலிருந்து ஷேர் ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய்.
அறுபத்தோரு நாளும்
அந்தப் பதினைந்து ரூபாய்க்கு ஆள் இல்லை.

கணக்குப்பிள்ளை முதலில் முகம் கொடுக்கவில்லை.
பிறகு, கம்பியில் குத்தி வைத்த சீட்டுகளை
ஒவ்வொன்றாக உருவினார்.
பழுத்த காகிதம், பென்சில் எழுத்து:
தொட்டியம் லாரி. வந்தது 1.10. கிளம்பியது 2.40.
ஒச்சு, 112 தார்.
ஓரத்தில் கறுத்த வாழைக்கறை,
அதில் பாதிக் கட்டைவிரல்.

சீட்டை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார் நீதிபதி.
அரசு வக்கீல் ஆட்சேபித்தார்,
மண்டிச் சீட்டெல்லாம் ஆவணமா என்று.
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.
பிறகு, ஆள் ஜாமீன் வேண்டாம்,
சொந்தப் பிணையில் போகட்டும் என்றார்.
கேஸ் முடியவில்லை. வாய்தா இருக்கிறது.
வாய்தாவுக்கு அவன் வெளியிலிருந்து வருவான், அவ்வளவுதான்.

மறுநாள் காலை ரூம் வாசலில் வந்து நின்றான்.
நன்றி சொல்ல வந்தான் என்று நினைத்தேன்.
"அந்தச் சீட்டைக் குடுங்கம்மா.
தாருக்கு மூணு ரூபா. முன்னூத்தி முப்பத்தாறு.
அன்னைக்குக் கூலி வாங்குறதுக்குள்ள புடிச்சுட்டாங்க."

அது கோர்ட்டில் இருக்கிறது என்றேன்.
ஜெராக்ஸ் ஒன்று கொடுத்தேன்.
நாலாய் மடித்து, துண்டு முனையில் முடிந்துகொண்டு
சிம்மக்கல் பஸ் வரும் பக்கமாக நடந்தான்.

அடுத்த கட்டு.
பெண், வயது நாற்பது, சித்தாள்.
வேலை பார்த்த வீட்டில் வளையல் காணோம்.
சித்தாளுக்கு எவன் சீட்டு எழுதுகிறான்?

மூன்று நாற்காலியிலும் ஆள் இருந்தது.
நின்றுகொண்டே
அவள் தகப்பன் பேரைப் படித்தேன்.